பென்டகனில் யார் குரல் யாருக்குக் கேட்டது: அலைவரிசைப் பகிர்வு ஒப்பந்தங்கள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2001 செப்டம்பர் 11 காலை 9.37 மணிக்கு அமெரிக்கன் ஏர்லைன்ஸின் 77ஆம் எண் விமானம் பென்டகன் கட்டடத்தின் மேற்குப் பக்கத்தில் மோதியது. கடத்தியவர்கள் ஐவரைச் சேர்க்காமல், விமானத்திலும் கட்டடத்திலுமாக இறந்தவர்கள் 184 பேர். பென்டகன் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைமையகம். ஆனால் அது நிற்கும் நிலம் வர்ஜீனியா மாநிலத்தின் ஆர்லிங்டன் கவுண்டிக்குள் வருகிறது; கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற ஓர் உள்ளாட்சிப் பகுதி. தீயை அணைக்கும் பொறுப்பும் அந்தக் கவுண்டியின் தீயணைப்புத் துறைக்குத்தான். அத்துறையின் அதிகாரி ஜேம்ஸ் ஷ்வார்ட்ஸ் நிகழ்விடக் கட்டளையை ஏற்றுக்கொண்டார். 9.55 மணிக்கு, கட்டடத்தின் ஒரு பகுதி விழப்போகிறது என்று தெரிந்ததும், எல்லோரும் வெளியே வரும்படி உத்தரவிட்டார். 9.57க்கு அந்தப் பகுதி சரிந்தது. மீட்புப் பணியாளர் ஒருவருக்கும் காயம் இல்லை.

அந்த இரண்டு நிமிடத்தை வயர்லெஸின் வெற்றி என்று மட்டும் எழுதிவிட முடியாது. ஒரே தளபதி, ஒரே கட்டளை என்ற ஏற்பாடு முதலிலிருந்தே ஒழுங்காக இருந்ததுதான் பெரிய காரணம். நியூயார்க்கோடு ஒப்பிடுகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். பென்டகன் ஐந்து மாடிக் கட்டடம். ஆயிரம் அடி உயரத்துக்கு ஆள் ஏற வேண்டிய வேலை அங்கே இல்லை. இதை 9/11 விசாரணை ஆணையமே தன் அறிக்கையில் சொல்லியிருக்கிறது.

இருந்தாலும் பென்டகனில் நடந்த வயர்லெஸ் தொடர்பைத் தனியாக எடுத்துப் பார்ப்பதில் பலன் உண்டு. ஒரே இடம், ஒரே நாள். சிலர் ஒருவரோடு ஒருவர் பேச முடிந்தது, சிலரால் முடியவில்லை. அந்த இரு கூட்டத்தையும் பிரித்த கோடு எங்கே ஓடியது என்று தேடினால், பாதி தூரம் வரை கருவிகள் வழியாகப் போகிறது. மீதி தூரம் முழுக்கக் கையெழுத்துகள்தான்.

இரண்டு அறிக்கைகள்

அமெரிக்க நீதித் துறையும் கருவூலத் துறையும் சேர்ந்து அப்போது பொதுப் பாதுகாப்பு வயர்லெஸ் வலையமைப்பு என்ற திட்டம் ஒன்றை நடத்திவந்தன. பென்டகன் மீட்புப் பணியின் தகவல் தொடர்பு பற்றி அத்திட்டம் 2002 தொடக்கத்தில் ஓர் அறிக்கை தந்தது. அதன் சாரம்: முதலில் வந்து சேர்ந்த சுற்றுவட்டாரத் தீயணைப்பு, மருத்துவக் குழுக்கள் தங்களுக்குள் நன்றாகவே பேசிக்கொண்டன. நேரம் போகப் போக மாநில, மத்திய அமைப்புகள் வரிசையாக வந்து இறங்கின. அந்த இரண்டாம் சுற்றுக்காரர்களுக்கு நேரடியாகப் பேச வழி எதுவும் தயாராக இல்லை.

ஆர்லிங்டன் கவுண்டியின் சொந்த அறிக்கை இவ்வளவு மென்மையாக இல்லை. தகவல் தொடர்பின் ஏறக்குறைய எல்லா அம்சங்களும் சிக்கலாகத்தான் இருந்தன என்கிறது. செல்போன் பயன்படவில்லை. வயர்லெஸ் சேனல்கள் முதல் நேரத்தில் நெரிசலில் திணறின. இருப்பதற்குள் நம்பகமாக வேலை செய்தது பேஜர்; அதுவும் பெரும்பாலான தீயணைப்பு வீரர்களிடம் கிடையாது.

இரண்டும் முரண்படுகிற மாதிரித் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேச அனுமதியும் வழியும் இருந்ததா என்பது முதல் அறிக்கையின் கேள்வி. பேசியது கேட்டதா என்பது இரண்டாவதின் கேள்வி. பத்துப் பதினைந்து குழுக்களுக்கு ஒரே சேனலைத் திறந்துவிட்டால் நெரிசல் வராமல் என்ன செய்யும்? பகிர்வின் விலை அது. ஆனால் அந்த நெரிசலில் சிக்கிக்கொள்ளும் வாய்ப்புகூட இரண்டாம் சுற்றுக்காரர்களுக்குக் கிடைக்கவில்லை.

சுற்றுவட்டாரத்துக்காரர்கள் எங்கே கற்றார்கள்

1982 ஜனவரி 13, பனி கொட்டிய பிற்பகல். வாஷிங்டன் நேஷனல் விமான நிலையத்திலிருந்து கிளம்பிய ஏர் புளோரிடா 90ஆம் எண் விமானம் 14ஆம் தெருப் பாலத்தில் மோதி, போடோமாக் ஆற்றுக்குள் விழுந்தது. பாலத்தில் வாகனங்களில் இருந்த 4 பேரையும் சேர்த்து 78 பேர் இறந்தார்கள். சுமார் அரை மணி நேரத்தில் அதே நகரத்தில் மெட்ரோ ரயில் ஒன்று தடம் புரண்டு மேலும் 3 பேர் இறந்தார்கள்.

விமானம் கிளம்பிய இடம் வர்ஜீனியா பக்கம். விழுந்த ஆறு தலைநகரப் பகுதிக்கு உட்பட்டது. உறைந்த நீரிலிருந்து உயிர் பிழைத்தவர்களைத் தூக்கிய ஹெலிகாப்டர் பார்க் போலீசுடையது. அது மத்திய அரசு அமைப்பு. மூன்று அதிகாரங்கள் ஒரே கரையில் நின்றன. ஒருவர் வயர்லெஸில் இன்னொருவர் குரல் வராது. அன்றைய அனுபவத்துக்குப் பிறகுதான் அந்த வட்டாரத்து நகராட்சிகளும் கவுண்டிகளும் வயர்லெஸ் பகிர்வை உட்கார்ந்து திட்டமிட ஆரம்பித்தன. ஆர்லிங்டன், அலெக்சாண்ட்ரியா, ஃபேர்ஃபாக்ஸ் மூன்றும் தீயணைப்பில் ஒன்றுக்கொன்று உதவிக்கொள்ளும் ஒப்பந்தத்தை ஏற்கெனவே 1970களிலேயே செய்திருந்தன. அந்தப் பழக்கத்தின் மேல் வயர்லெஸும் ஏறிக்கொண்டது. பக்கத்துக் கவுண்டியின் சேனல்கள் இவர்களுடைய கைக்கருவிகளில் புரோகிராம் ஆகி இருந்தன.

அப்படிப் புரோகிராம் செய்வதற்கு முன்னால் என்ன நடக்க வேண்டும் என்பதுதான் நம் விஷயம்.

கவுண்டிக்கும் கவுண்டிக்கும் நடுவே

அமெரிக்காவில் மாநில, உள்ளாட்சி அமைப்புகளின் வயர்லெஸுக்கு உரிமம் தருவது எஃப்சிசி எனப்படும் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம். அதன் விதித்தொகுப்பில் 90ஆம் பகுதி தரைவழி நடமாடும் வயர்லெஸுக்கு உரியது. ஒரு தீயணைப்புத் துறைக்குப் புது அலைவரிசை வேண்டுமென்றால், முதலில் அங்கீகாரம் பெற்ற அலைவரிசை ஒருங்கிணைப்பாளர் ஒருவரிடம் போக வேண்டும். பக்கத்தில் யாருக்கும் இடையூறு வராது என்று அவர் பார்த்துச் சொன்ன பிறகு 601 என்ற எண்ணுள்ள படிவம் ஆணையத்துக்குப் போகும். உரிமம் 10 ஆண்டுக்கு.

அந்த அலைவரிசையை இன்னொருவர் பயன்படுத்த விடலாமா? விடலாம். 90.179 என்ற விதி அதைத்தான் பேசுகிறது. சுருக்கமாகச் சொன்னால், பகிர்ந்துகொள்கிறவர் அதே அலைவரிசைக்குத் தானே உரிமம் கேட்கத் தகுதி உள்ளவராக இருக்க வேண்டும். நிலையம் சரியானவர்களால் சரியான காரியத்துக்குப் பயன்படுகிறதா என்பதற்கு உரிமம் பெற்றவரே பொறுப்பு. செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம், லாபம் வைக்கக் கூடாது. செலவுப் பங்கீடு இருந்தால், பங்கேற்கும் ஒவ்வொருவரோடும் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருக்க வேண்டும். அதை நிலையத்தின் ஆவணங்களோடு சேர்த்து வைத்திருக்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, ஒப்பந்தம் ஆணையத்துக்கு அனுப்பப்படுவதில்லை என்பது. அலுவலகக் கோப்பில் இருந்தால் போதும். யாராவது கேட்கும்போது எடுத்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அரசுக் காகிதம் என்றாலே மேலிடத்துக்கு மூன்று பிரதி போக வேண்டும் என்று நினைக்கிற நமக்கு இது கொஞ்சம் வியப்பாக இருக்கும். வண்டியை நண்பருக்கு இரவல் கொடுத்தாலும் ஆர்.சி. புத்தகம் நம் பெயரில்தான் இருக்கிறது, விபத்து என்றால் போலீஸ் நம் வீட்டுக்குத்தான் வரும் என்பதுபோல, சேனலைக் கொடுத்தவர் தலையில்தான் பொறுப்பு. யாரிடம் கொடுத்தோம், எதற்குக் கொடுத்தோம் என்று காட்ட அவருக்கு ஒரு தாள் வேண்டும்.

லாபம் கூடாது என்ற நிபந்தனையை விதி எழுதியவர்களின் கஞ்சத்தனம் என்று சிலர் பேசுவதுண்டு. நான் அதை மிகச் சரியான நிபந்தனை என்பேன். பொதுப் பாதுகாப்பு அலைக்கற்றை ஏலத்தில் வாங்கப்பட்டதல்ல. அதை வாடகைக்கு விடலாம் என்றானால், நிதி நெருக்கடியில் இருக்கும் நகராட்சி அதை ஒரு வருமான வழியாகத்தான் பார்க்கும்.

எல்லாவற்றுக்கும் ஒப்பந்தம் வேண்டியதில்லை. 90.20 விதியில் நாடு முழுவதுக்குமான பொதுச் சேனல்கள் சில இருக்கின்றன. விஹெச்எஃப் பட்டையில் (பட்டை என்பது அடுத்தடுத்த அலைவரிசைகளின் தொகுதி) 155.7525 மெகாஹெர்ட்ஸ் அழைப்புச் சேனல் அதற்கு ஓர் உதாரணம். 90ஆம் பகுதியில் பொதுப் பாதுகாப்பு உரிமம் வைத்திருக்கிற எவரும் தங்கள் கைக்கருவியையும் வண்டிக் கருவியையும் தனி அனுமதி இல்லாமலே இதில் இயக்கலாம். நிலையான தளக் கருவி வைப்பதென்றால்தான் உரிமம். அழைப்புச் சேனலில் மறைகுறியாக்கம் கூடாது. யார் கூப்பிட்டாலும் எல்லாருக்கும் கேட்க வேண்டும். ஆயிரக்கணக்கான ஒப்பந்தங்களின் வேலையை விதியின் ஒரே ஒரு வாக்கியம் செய்துவிடுகிறது. அப்புறம் 90.407 இருக்கிறது: புயல், வெள்ளம், நிலநடுக்கம் போன்றவற்றால் வழக்கமான தொடர்பு அறுந்துபோனால், உரிமத்தில் சொன்னதற்கு மாறாகவும் நிலையத்தை அவசரத்துக்குப் பயன்படுத்தலாம்.

அப்படியானால் ஒப்பந்தமே எதற்கு, ஆபத்து வந்தால் விதி தானாகவே தளர்கிறதே என்று கேட்கலாம். விதி தளரும், கருவி தளராது. பக்கத்துக் கவுண்டியின் டிரங்கிங் வலையமைப்பில், அதாவது சேனல்களைக் கணினியே பங்கிட்டுத் தரும் வலையமைப்பில், பேச வேண்டுமானால் உங்கள் கருவியின் அடையாள எண் அவர்களுடைய கணினியில் முன்பே பதிவாகியிருக்க வேண்டும். சேனல் உள்ளே புரோகிராம் ஆகியிருக்க வேண்டும். மறைகுறியாக்கம் இருந்தால் சாவியும் வேண்டும். கட்டடம் எரியும்போது இதையெல்லாம் செய்ய நேரம் ஏது? முன்கூட்டியே செய்ய வேண்டுமென்றால் அவர்களுடைய வயர்லெஸ் பிரிவு கேட்கும் முதல் கேள்வி, “உத்தரவு எங்கே?” ஒப்பந்தம் சட்டத்துக்காக எழுதப்பட்டதுதான், ஆனால் நடைமுறையில் அது டெக்னீஷியனுக்கான வேலை உத்தரவு.

இரண்டு வீட்டுச் சட்டம்

இனி அந்த இரண்டாம் சுற்றுக்காரர்கள். அவர்களுடைய சிக்கல் 1934லிருந்து வருகிறது. அந்த ஆண்டின் தகவல் தொடர்புச் சட்டம், மத்திய அரசுக்குச் சொந்தமான வானொலி நிலையங்களை எஃப்சிசியின் கைக்கு வெளியே வைத்தது. அவற்றுக்கு அலைவரிசை ஒதுக்கும் அதிகாரம் குடியரசுத் தலைவருடையது. இப்போது அதை வணிகத் துறையின் கீழ் 1978இல் உருவான என்டிஐஏ என்ற நிர்வாகம் பார்க்கிறது. மத்தியத் துறைகளுக்குள் அலைவரிசைப் பங்கீட்டைப் பேசித் தீர்க்கும் குழு ஒன்று 1922 முதலே இருக்கிறது; அதாவது எஃப்சிசியைவிட மூத்தது.

ஆக ஒரே வானம், இரண்டு பட்டாதாரர்கள். எஃப்பிஐ, பார்க் போலீஸ் போன்ற அமைப்புகளின் வயர்லெஸ் பெரும்பாலும் 162 முதல் 174 வரையும், 406.1 முதல் 420 வரையும் உள்ள மெகாஹெர்ட்ஸ் பட்டைகளில். ஆர்லிங்டன் 800 மெகாஹெர்ட்ஸில். அன்றைய கைக்கருவி ஒன்று இரண்டு பட்டையிலும் பேசாது. எனவே, எவ்வளவு காகிதம் இருந்திருந்தாலும் 2001இல் எஃப்பிஐ ஆள் தன் கருவியில் தீயணைப்புத் தளபதியின் குரலைக் கேட்டிருக்க முடியாது. காகிதத்தின் பக்கம் நின்று வாதாடுகிற நான் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் எளிய மாற்று ஒன்று இருந்தது. உள்ளூர்க் கருவியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிடலாம். சட்டப்படி அதுவும் பகிர்வுதான். இங்கேதான் 90.179இல் ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. பகிர்ந்துகொள்கிறவர் தானே உரிமம் பெறத் தகுதியுள்ளவராக இருக்க வேண்டும் என்று பார்த்தோம். மத்தியத் துறைகளுக்கு எஃப்சிசி உரிமமே தர முடியாது. அவை ஆணையத்தின் எல்லைக்குள் வருவதில்லை. ஆக, முதல் நிபந்தனையிலேயே எஃப்பிஐ தேறாது! இதற்காகவே அதே விதியின் பின்பகுதியில், பொதுப் பாதுகாப்பு உரிமதாரர்கள் மத்திய அரசு அமைப்புகளோடும் லாபமில்லாமல் செலவைப் பங்கிட்டுப் பகிரலாம் என்று ஒரு விதிவிலக்கைச் சேர்த்திருக்கிறார்கள். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் அங்கேயும் கட்டாயம்.

700 மெகாஹெர்ட்ஸ் பட்டை வந்தபோது இதை இன்னும் தெளிவாக எழுதினார்கள். தொலைக்காட்சியிடமிருந்து மீட்டுப் பொதுப் பாதுகாப்புக்குத் தந்த பட்டை அது. அதில் மத்திய அமைப்புகள் பேசுவதற்கு 2.103 விதி போடும் நிபந்தனைகள்: ஒருங்கியங்குவதற்கோ (வெவ்வேறு அமைப்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கோ) கூட்டு அமைப்புக்கோதான் பயன்பட வேண்டும், உரிமம் வைத்திருக்கும் மாநில அல்லது உள்ளாட்சி அமைப்பின் ஒப்புதல் வேண்டும், எஃப்சிசி விதிப்படி நடக்க வேண்டும், இரு தரப்புக்கும் பரஸ்பர ஒப்பந்தம் இருக்க வேண்டும். வாஷிங்டனின் பெரிய துறை ஒன்று ஒரு சின்ன கவுண்டியிடம் சம்மதம் கேட்டு நிற்க வேண்டிய அபூர்வமான இடம் இது.

எதிர்த்திசையில், அதாவது உள்ளூர்க்காரர்கள் மத்திய அரசின் சேனலில் பேசுவதற்கு, ஒழுங்கான ஒரு விதி எஃப்சிசி தொகுப்பில் ஏற 2018 வரை ஆனது. பென்டகன் நடந்து 17 ஆண்டுகள். 90.25 என்ற அந்த விதி, மத்திய அரசின் 40 ஒருங்கியக்கச் சேனல்களில் உள்ளூர் அமைப்புகளின் கைக்கருவிகளும் வண்டிக் கருவிகளும் பேச வழி திறந்தது. அதற்கு மாநில ஒருங்கியக்க ஒருங்கிணைப்பாளரோ, மாநிலம் நியமித்த அதிகாரியோ மத்தியத் தரப்போடு எழுத்தில் ஒப்பந்தம் செய்ய வேண்டும்.

இது நல்ல ஏற்பாடு என்பது என் கணிப்பு. முன்பு ஒவ்வொரு கவுண்டியும் ஒவ்வொரு மத்திய அலுவலகமாக ஏறி இறங்க வேண்டியிருந்தது. இப்போது மாநிலத்துக்கு ஒரு கை கையெழுத்திடுகிறது. ஒருங்கிணைப்பாளர் சுறுசுறுப்பானவராக இருந்தால் மாநிலம் முழுக்க வழி திறக்கும். நாற்காலி காலியாகக் கிடந்தால் மாநிலம் முழுக்க அடைபடும். இரண்டு பட்டையிலும் பேசும் கைக்கருவிகள் சந்தைக்கு வந்துவிட்ட காலம் இது. 2001இல் கருவிச் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருந்த காகிதச் சுவர் இப்போது தனியாக, எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி நிற்கிறது.

காகிதத்தைக் குறைக்க ஒரு காகிதம்

ஒப்பந்தம் எழுதி வைத்துக்கொள் என்று மக்களிடம் கேட்பதற்கே அமெரிக்க அரசு அனுமதி வாங்க வேண்டும். 1980இல் வந்து 1995இல் திருத்தி எழுதப்பட்ட காகிதவேலைக் குறைப்புச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஓர் அரசு அமைப்பு பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களிடம் ஒரே மாதிரித் தகவல் கேட்டாலும், ஆவணம் வைத்திருக்கச் சொன்னாலும், குடியரசுத் தலைவரின் நிர்வாக, வரவுசெலவு அலுவலகத்திடம் ஒரு கட்டுப்பாட்டு எண் பெற வேண்டும். 90.179க்கான எண் 3060-0262. ஒப்புதல் அதிகபட்சம் 3 ஆண்டுக்குத்தான். ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் அரசிதழில் முதலில் 60 நாள், பிறகு 30 நாள் பொதுமக்கள் கருத்துக்கு அவகாசம் தர வேண்டும். செல்லுபடியாகும் எண் இல்லாவிட்டால், அந்தத் தகவலைத் தரவில்லை என்பதற்காக யாரையும் தண்டிக்க முடியாது.

கருத்துக் கேட்கும் அறிவிப்பில், இந்த வேலைக்கு ஓர் ஆளுக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்ற மதிப்பீடும் இருக்கும். எனக்கு உடன்பாடில்லாதது இந்தக் கணக்கு. ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்து கோப்பில் வைக்கும் நேரத்தை அது எண்ணும். இரண்டு துறைத் தலைவர்கள், இரண்டு நகராட்சி வழக்கறிஞர்கள், இரண்டு வயர்லெஸ் பொறியாளர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து, நெரிசல் வந்தால் யார் பேச்சை முதலில் விடுவது, தொலைந்த கருவியை யார் முடக்குவது, டவர் பராமரிப்பில் யாருக்கு எவ்வளவு என்று பேசி முடிக்கிற வேலை அதில் எங்கேயும் தெரியாது. இந்தக் கணக்கை வைத்துக் காகிதச் சுமை அதிகம் என்று குறைகூறுகிறவர்களும் சரி, குறைவு என்று மகிழ்கிறவர்களும் சரி, அளக்கப்படாத ஒன்றைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

கோப்பில் கிடக்கும் தாள் பிறகு எதற்கு உதவும்

பென்டகனுக்குச் சில ஆண்டுகள் கழித்து வந்த ஒரு வேலை இதற்கு நல்ல சோதனையாக அமைந்தது. 800 மெகாஹெர்ட்ஸில் நெக்ஸ்டெல் செல்போன் சேவையின் சேனல்களும் பொதுப் பாதுகாப்புச் சேனல்களும் கலந்து கிடந்ததால் போலீஸ், தீயணைப்பு வயர்லெஸில் இடையூறு வந்துகொண்டே இருந்தது. 2004இல் எஃப்சிசி அந்தப் பட்டையையே மாற்றி அடுக்கச் சொன்னது. பொதுப் பாதுகாப்புச் சேனல்களின் ஒரு பெரிய தொகுதி 15 மெகாஹெர்ட்ஸ் கீழே இறங்கியது, 866.0125இல் இருந்த தேசிய அழைப்புச் சேனல் 851.0125க்கு வந்தது. வேலை முடிந்து கோப்பு மூட 2021 ஆயிற்று.

ஒரு கவுண்டியின் சேனல் மாறினால் அதன் சொந்தக் கருவிகளை மாற்றி அமைப்பது சுலபம். பட்டியல் கிடங்கில் இருக்கும். அந்தச் சேனலைத் தன் கருவிகளில் வைத்திருக்கும் பக்கத்து ஊர்த் தீயணைப்புக்காரர்கள், மருத்துவமனை ஆம்புலன்ஸ்கள், மத்தியத் துறை அலுவலகங்கள் எத்தனை? அந்தக் கருவிகள் எல்லாவற்றையும் தொட்டாக வேண்டும். விட்டுப்போனது ஒன்று இருந்தால், அடுத்த தீ விபத்தில் அதை வைத்திருப்பவர் காலியான அலைவரிசையில் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். உரிமத்தில் இந்தப் பட்டியல் இருக்காது, ஆணையத்தின் கணினியிலும் இருக்காது. பகிர்வு ஒப்பந்தம்தான் பட்டியல். வாய்ப்பேச்சில் சேனல் கொடுத்தவர்கள், இருபது ஆண்டுக்கு முன்னால் யார் யாரிடம் கொடுத்தோம் என்று ஓய்வுபெற்ற டெக்னீஷியன்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே, அடுத்த முறை 3060-0262க்குக் கருத்துக் கேட்டு அறிவிப்பு வரும்போது, ஒப்பந்தத்தோடு மூன்றை இணைக்கச் சொல்லலாம் என்பது என் எண்ணம்: எந்தச் சேனல் எத்தனை கருவிகளில் ஏற்றப்பட்டது, இரவு பகல் எந்த நேரமும் எடுக்கும் தொலைபேசி எண், திரும்பப் பார்க்க வேண்டிய தேதி. ஒரு பக்கத்துக்குள் அடங்கும்.